பாஸ்போர்ட், விசா விண்ணப்பம் போட்டுத் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுச் சேவை மையம், இ-சேவை, பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை என்று எந்தப் பெயர்ப்பலகையின் கீழாவது உட்கார்ந்து, ஊர் மக்களுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் விண்ணப்பித்துத் தருகிற அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் வணக்கம்.

முதல் தடவை வெளிநாடு கிளம்புகிறவர் ஏர்போர்ட் கவுண்ட்டரில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார் என்றால், அந்தச் சிக்கலின் வேர் பல நேரங்களில் உங்கள் கடைக் கீபோர்டில்தான் இருக்கிறது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், சர்வர் இழுக்கிறது, கரண்ட் போய்விடுமோ என்ற பயம் வேறு. ஆனால் பட்டா நகலில் விழுந்த எழுத்துப் பிழையை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் விழுந்தால் பத்து வருஷம் கூடவே வரும். பயண ஆவணங்களைச் சரிபார்ப்பதையே வேலையாகக் கொண்ட நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறுகளை இங்கே சொல்கிறோம்.

முதலில் பெயர். கருப்பசாமி மகன் முருகன் வருகிறார் என்று வையுங்கள். ஆதாரில் ‘முருகன் கே’. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கே. முருகன்’. பான் கார்டில் ‘கருப்பசாமி முருகன்’, ஏனென்றால் அந்த விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட் படிவம் கேட்பது இரண்டு கட்டம்: கிவன் நேம் (சொந்தப் பெயர்), சர்நேம் (குடும்பப் பெயர்). இங்கேயும் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் கட்டாயமில்லை என்பதால் அதைக் காலியாக விட்டாலும் படிவம் முணுமுணுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். வினை அங்கேதான் தொடங்குகிறது.

முருகன் என்ற ஒற்றைச் சொல்லோடு பாஸ்போர்ட் வந்துவிட்டால் என்ன ஆகும்? 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் செக்-இன் கவுண்ட்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியவர் முருகன்தான். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும். கிவன் நேம் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். அங்கே போய் பேங்க் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் என்று எது வாங்கினாலும் அந்த எஃப்என்யூ ஒட்டிக்கொண்டே வரக்கூடும். ‘முருகன் கருப்பசாமி’ இரண்டையும் கிவன் நேமிலேயே அடைத்துவிட்டு சர்நேமைக் காலியாக விடுவதும் இதே கதைதான்: இரண்டு சொல் இருந்தும் சர்நேம் இல்லாத ஆள் ஆகிவிடுகிறார்.

எனவே எங்கள் பரிந்துரை நேரானது. சொந்தப் பெயர் கிவன் நேமில், அப்பா பெயர் முழுசாக சர்நேமில். இதனால் வருவதையும் அவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்: வெளிநாட்டில் அவரை ‘மிஸ்டர் கருப்பசாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏர்போர்ட் மைக்கில் அப்பா பெயர் ஒலிக்கும்போது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. விமான டிக்கெட்டிலும் கருப்பசாமி சர்நேம், முருகன் கிவன் நேம் என்றே இருக்க வேண்டும். ஏற்கனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு டிக்கெட் போடும்போது உங்கள் யோசனைப்படி கட்டத்தை நிரப்பாதீர்கள். சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில எஃப்என்யூ போடச் சொல்லும். அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் கணவர் இனிஷியல் என்று வருகிறவர்கள் ஏராளம். கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக சர்நேமில் கணவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எது வேண்டும் என்று அந்த அம்மாவைக் கேளுங்கள், கூட வந்த ஆளைக் கேட்காதீர்கள். முடிவு செய்த பெயருக்கு ஆதாரை முதலில் திருத்திவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போடுவது நல்லது.

எழுத்துக்கூட்டலில் உங்கள் ஆங்கிலப் புலமையைக் காட்ட வேண்டாம். முத்துலட்சுமி என்ற பெயரை ஒரு சொல்லாகவும் எழுதலாம், இரண்டு சொல்லாகவும் எழுதலாம். நடுவில் விழும் அந்த ஒரு இடைவெளி இன்னொரு பெயராகவே கணக்காகும். பாஸ்போர்ட்டின் அடியில் 44 எழுத்து வீதம் இரண்டு வரி இருக்கிறதே, இயந்திரம் படிப்பது அதைத்தான். அதற்கு முத்துவும் லட்சுமியும் தனித்தனி. எந்த ஆவணத்தைப் பிறந்த தேதிச் சான்றாகக் கொடுக்கிறீர்களோ, அதில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து அடியுங்கள்.

பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்ட்டர். ஏ கவுண்ட்டரில் போட்டோவும் கைரேகையும் எடுத்தபின் விவரங்களைக் காட்டிச் சரியா என்று கேட்பார்கள். பிழையைத் திருத்த அதுதான் கடைசி நல்ல வாய்ப்பு. முதல்முறை போகிறவர் பயத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அதனால் ஒரு பிரிண்ட் எடுத்து, பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர் ஆகிய இடங்களில் பேனாவால் கோடு போட்டு, ‘இந்த நாலும் திரையில் இதே மாதிரி இருக்கான்னு பாருங்க’ என்று சொல்லி அனுப்புங்கள். பிழையோடு அச்சாகிவிட்டால் ரீ-இஷ்யூ விண்ணப்பம், மறுபடி 1,500 ரூபாய், மறுபடி ஒரு நாள் கூலி போகும்.

பிறந்த தேதி பற்றி ஒரு வரி: 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். பெரியவர்களுக்கு மார்க் ஷீட், பான் போன்றவை உண்டு. ஆனால் பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி ஒன்று, பிறப்புச் சான்றில் வேறொன்று என்று இருந்தால், முதலில் அதைத் தீர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, நீங்கள் சர்வசாதாரணமாக ‘இல்லை’ தட்டிவிடும் கேள்வி: நான்-இசிஆர் தகுதி, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத தகுதி, உண்டா? பத்தாம் வகுப்பு தேறியவருக்கு உண்டு. அந்த மார்க் ஷீட்டின் அசலை எடுத்துப் போக வேண்டும். வருமான வரி கட்டுகிறவர், 50 வயது தாண்டியவர், 18 வயதுக்குக் கீழே உள்ளவர் எல்லோருக்கும் உண்டு. தகுதி இருந்தும் ‘இல்லை’ போட்டால் பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை விழும். அந்த முத்திரையோடு சுற்றுலாவுக்குப் போகத் தடை இல்லை. வேலைக்கு, அதுவும் சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போவதென்றால்தான் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இமைகிரேட் என்ற அரசுத் தளம் வழியாக அது நடக்கும்.

அந்த அனுமதியைத் தொல்லை என்று நினைக்கிறவர்கள் உங்களிலும் உண்டு, ஏஜெண்டுகளிலும் உண்டு. ‘டூரிஸ்ட் விசாவில் போயிரு, அங்க போய் மாத்திக்கலாம்’ என்ற வாசகம் அப்படித்தான் பிறக்கிறது. மாற்ற முடியாமல் போனால் அவர் சட்டப்படி அங்கே வேலைக்காரரே இல்லை. சம்பளம் தராவிட்டால் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்க வழியில்லை. முறைப்படி போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கிடைக்கும்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ என்றால் 10 லட்சம். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கட்டிவிட்டு ரசீது இல்லாமல் உங்களிடம் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிறவருக்கு, அந்த ஏஜெண்டின் பதிவு எண்ணை இமைகிரேட் தளத்தில் போட்டுப் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாசம் எண்பதாயிரம், டூரிஸ்ட் விசா’ என்று யாராவது வந்தால் பிரிண்டரை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. தாய்லாந்தில் ஐடி வேலை என்று சொல்லி அழைத்துப் போய், ஆன்லைன் மோசடி செய்ய உட்கார வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, உங்கள் சொந்த மொபைல் நம்பரும் இமெயிலும். சௌகரியத்துக்காக எல்லா விண்ணப்பத்துக்கும் கடை நம்பரையே போடுகிறீர்கள். போலீஸ் வெரிஃபிகேஷனுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் ஸ்டேஷனிலிருந்து அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள்; நீங்கள் ‘யாருங்க அது?’ என்பீர்கள், ஃபைல் அப்படியே கிடக்கும். வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லையென்றால் பட்டன் போன் நம்பராவது அவருடையதாக இருக்கட்டும். இமெயிலை அவர் பெயரில் புதிதாக உண்டாக்கி, ஐடியையும் பாஸ்வேர்டையும் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். முகவரியும் அப்படித்தான்: திருப்பூர் பனியன் கம்பெனியில் தங்கி வேலை பார்ப்பவருக்கு ராமநாதபுரம் வீட்டைத் தற்போதைய முகவரியாகப் போட்டால், விசாரிக்க வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ‘இந்த முகவரியில் இல்லை’ என்று எழுதுவார்.

வழக்கு ஏதும் உண்டா, முன்பு பாஸ்போர்ட் எடுத்ததுண்டா என்ற கேள்விகளைப் படித்துக் காட்டாமல் ‘இல்லை’ போடுவதை விட்டுவிடுங்கள். தெரிந்தே பொய் விவரம் தருவது 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம்; இரண்டு ஆண்டு வரை சிறை. வரப்புத் தகராறில் போட்ட கேஸ் ஒன்று கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லி நீதிமன்ற அனுமதி வாங்குவது தாமதமாகும், அவ்வளவுதான். மறைத்தால் தாமதத்தோடு போகாது.

விசாப் படிவங்களில் இது இன்னும் கடுமை. அமெரிக்காவுக்கான டிஎஸ்-160இன் கடைசியில், ‘இதை நிரப்ப யாராவது உதவினார்களா?’ என்று ஒரு கேள்வி வரும். நீங்கள் நிரப்பியிருந்தால் ‘ஆம்’ போட்டு உங்கள் விவரத்தைத் தர வேண்டும். நிரப்பித் தருவது தப்பில்லை. யாரும் உதவவில்லை என்று போடுவதுதான் தப்பு. கையொப்பமிட்டுச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டியவரும் விண்ணப்பதாரர்தான். மவுஸை அவர் கையில் கொடுங்கள். சுமார் 20 நிமிஷம் சும்மா இருந்தால் பக்கம் காலாவதியாகிவிடும். ஆரம்பத்திலேயே வரும் அப்ளிகேஷன் ஐடியையும் பாதுகாப்புக் கேள்விக்கான பதிலையும் குறித்து வையுங்கள். மகனைப் பார்க்கப் போகும் அப்பாவுக்கு, மகன் என்ன விசாவில் இருக்கிறான் என்பதை வீடியோ காலில் கேட்டு எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். நேர்காணலில் அவர் சொல்வதும் படிவமும் வேறாக இருந்தால், உண்மையைச் சொன்னவர்தான் பொய்யர் ஆவார். பொய்த் தகவல் என்று அமெரிக்கத் தூதரகம் முடிவு கட்டினால், அந்த நாட்டுக்குள் நுழைய விழும் தடைக்கு ஆயுள் கணக்குதான். பிரிட்டனில் 10 ஆண்டு.

போட்டோ ஸ்டூடியோவும் வைத்திருப்பவர்களுக்கு: முகத்தை வெளுப்பாக்குவது, கோட்டு சூட்டு ஒட்டுவது, பழைய போட்டோவில் பின்னணியை மட்டும் வெள்ளையாக்குவது எல்லாம் கல்யாண ஆல்பத்தோடு நிற்கட்டும். அமெரிக்காவுக்கு 51க்கு 51 மில்லிமீட்டர் சதுரம், கண்ணாடி கழற்றி. ஷெங்கன் நாடுகளுக்கும் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) சிங்கப்பூருக்கும் 35க்கு 45.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பேங்க் ஸ்டேட்மெண்ட்டில் முந்தின வாரம் திடீரென்று நாலு லட்சம் விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற காகிதமும் சேர வேண்டும். நகையை அடகு வைத்து இருப்பைக் கூட்டிக் காட்டும் யோசனையை நீங்கள் தராதீர்கள்.

மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் மூன்றுக்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்தால் போதும், அரசுத் தளங்களில் ஒரு காசு கிடையாது. தேடலில் முதலில் வரும் தளங்களில் சில டாலரில் பணம் கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல. நீங்கள் டைப் அடித்த கூலி வாங்குங்கள், ‘அட்டைக் கட்டணம்’ என்று வாங்காதீர்கள். சிங்கப்பூர் வருகை அட்டை விசா ஆகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிக்கெட் பிரிண்ட்டின் பின்பக்கத்தில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தால் புண்ணியம். கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் தடை. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் கசகசா கசகசாதான். வாயில் அடக்கும் புகையிலையும் சிங்கப்பூருக்கு ஆகாது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் வைத்தால் எடுக்கச் சொல்வார்கள்.

கட்டணத்துக்கு வருவோம். 36 பக்க பாஸ்போர்ட் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000, தட்கல் என்றால் கூடுதலாக 2,000. புதிதாக எடுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பத்து சதவீதம் குறையும். இந்தத் தொகைகளைச் சுவரில் ஒட்டி, பக்கத்திலேயே உங்கள் கூலியைத் தனியாக எழுதி வையுங்கள். நீங்கள் கேட்பது நியாயமான கூலி என்றால் யாரும் தர மறுக்கப் போவதில்லை. பணம் கட்டிய ரசீது, விண்ணப்ப எண் உள்ள தாள், லாகின் விவரம் மூன்றையும் அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பயண ஆவணங்களோடு புழங்குகிறவர்கள்