செயலாளர் ஆண்டறிக்கை: மலையேறி வந்தவர்களைத் தேடிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்த மழையிலும் எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப் பிடித்து மூணாறு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டம் இரண்டாம் ஞாயிறுதோறும் நடந்தது. ஆடி மாதம் மட்டும் மழையால் நடத்த முடியவில்லை. பொங்கலுக்குப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி நடந்தது. பத்தாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் பரிசு கொடுத்தோம். நூலகத்துக்கு ஒரு அலமாரி வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழுவில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சர்ச் மேட்டுல இருக்கிற வெள்ளைக்காரம்மா பேரு டூரிஸ்ட் கைடு பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுது. எங்க பூட்டியை எங்க பொதச்சாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" அன்றைக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் ஆண்டு முழுக்கச் சுமந்து திரிந்தோம்.

அவர் சொன்ன கல்லறை எலினர் இசபெல் மே என்ற இளம்பெண்ணுடையது. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த சில நாட்களிலேயே, 1894 டிசம்பரில், காலராவில் இறந்துபோனார். அப்போது இங்கே சர்ச் கிடையாது. அவரைப் புதைத்த மேட்டில் முதலில் கல்லறைத் தோட்டம் வந்தது, அப்புறம் 1910இல் சர்ச் கட்டத் தொடங்கினார்கள். நம் குழுவினர் அங்கே போய்ப் பூ வைத்துவிட்டு வந்தோம். பாவம், சின்ன வயது. அவர் கதை மறக்கப்படாமல் இருப்பது நல்லதுதான். அதே வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் செத்துப்போன, தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்களுக்கு ஒரு கல்கூட இல்லையே என்பதுதான் நம் வருத்தம்.

ஊரின் பழைய கதையை உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே சேர்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மலையில் முதலில் குடியேறியவர்கள் வெள்ளைக்காரர்களும் அல்ல, நாமும் அல்ல. மறையூர்ப் பாறைகளில் நிற்கும், பழங்காலக் கற்பலகை அறைகளான முனியறைகளைக் கட்டியவர்கள் யாரென்று பெயர் சொல்ல ஆளில்லை. அதற்குப் பல காலம் பின்னால் முதுவர்கள் என்ற பழங்குடியினர் வந்தார்கள். மதுரையை விட்டு வரும்போது மீனாட்சியம்மனை முதுகில் சுமந்து வந்தோம், அதனால்தான் முதுவர் என்ற பெயர் என்று அவர்கள் இன்றும் சொல்வார்கள். மறையூர், காந்தளூர் பக்கம் அஞ்சுநாட்டுக்காரர்கள் ஏற்கெனவே நெல் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே "காலி நிலம்" என்று யாராவது எழுதியிருந்தால் அதை நம் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடக் கூடாது.

தோட்டத்தின் கதை 1877இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலை 11ஆம் தேதி ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். ஏறத்தாழ 227 சதுர மைல். கையில் 5,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்று பேச்சு. 1879இல் துரைமார் சிலர் சேர்ந்து ஒரு தோட்டச் சங்கம் அமைத்தார்கள். காப்பி, சிங்கோனா, ஏலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி தோட்டத்தில் தேயிலை நட்டார். இன்று அது செவன்மலை எஸ்டேட்டில் ஒரு பகுதி. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. அதற்குப் பிறகுதான் தேயிலை மலையை முழுசாகப் பிடித்தது.

இந்த ஆண்டுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. மன்றோ கையெழுத்துப் போட்ட அந்த 1877தான் தாது வருஷப் பஞ்சத்தின் நடு ஆண்டு. கீழே மதுரையிலும் திருநெல்வேலியிலும் கஞ்சித்தொட்டிக்கு முன்னால் சனம் விழுந்து செத்துக்கொண்டிருந்தது. பஞ்சம் தீர்ந்த பின்னும் கரிசல் பக்கத்துக் கூலி சனத்துக்குப் பஞ்சம் தீரவில்லை. நிலமில்லை, சாதியின் பெயரால் ஊருக்குள் மரியாதையும் இல்லை. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி வந்து முன்பணத்தை நீட்டியதும் மலையேறியது அந்த சனம்தான். முன்பணம் என்பது கடன். பேரேட்டில் எழுதிய நாளிலிருந்து அது தீரும்வரை ஆள் நகர முடியாது. தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு உண்டு. இதையெல்லாம் நம் வீடுகளில் இப்போது பேசுவதில்லை. கூச்சமாக இருக்கலாம். கூச்சப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை என்பது என் கருத்து.

வந்த வழியையும் பார்த்துவிடுவோம் என்று மார்கழியில் ஒரு நாள் டாப் ஸ்டேஷனுக்குப் போனோம். போடியிலிருந்து கொட்டகுடி, அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் டாப் ஸ்டேஷன். அரிசி மூட்டையும் இரும்புச் சாமானும் தலைச்சுமையாக இந்த வழியில்தான் மேலே வந்தன. பிறகு கொட்டகுடிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே கம்பிவழிப் போக்குவரத்து வந்தது, சுமார் 5 கிலோமீட்டர் நீளம். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் தாங்கிப் பிடிக்கும் பெரிய சக்கரம் பக்கத்து ரோட்டில் ஓடும், மாடு இழுக்கும். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் நீராவி ரயிலே விட்டார்கள். மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் போய், கம்பியில் தொங்கிக் கொட்டகுடி இறங்கி, மாட்டுவண்டியில் போடி சேர்ந்தன. அன்றைக்கு ஊருக்கு உயிர்நாடி போடிப் பக்கம்தான். போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததே 1928இல்தான். அதற்குள் நம் ரயில் போய்விட்டிருந்தது.

போனது 1924 ஜூலையில். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். வாரக்கணக்கில் மழை. மாட்டுப்பட்டி பக்கம் மலை சரிந்து மண்ணும் மரமும் ஆற்றை அடைக்க, பின்னால் ஏரி போலத் தண்ணீர் தேங்கி, ஒரு நாள் உடைத்துக்கொண்டு டவுனுக்குள் பாய்ந்தது. ரயில், பாலம், கடைத்தெரு எல்லாம் போயின. பூயம்குட்டி, மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குப் போன பழைய ரோடும் அழிந்தது. ரயிலைத் திரும்பப் போடவில்லை. நேரியமங்கலம் வழியாகப் புது ரோடு வந்தது, 1935இல் பெரியாற்றில் பாலம் வந்தது. அப்புறம் ஊரின் முகம் மெல்ல மேற்கே, கொச்சிப் பக்கம் திரும்பிவிட்டது. 1940இல் பள்ளிவாசல் மின்நிலையம், 1956இல் எல்லைப் பிரிவினை எல்லாம் பின்னால் வந்தவை. தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்ற வழக்கு எழுவதற்கு வெகுகாலம் முன்பே தண்ணீர் ஒரு வழியை மூடி இன்னொன்றைத் திறந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது நின்று பாருங்கள்.

டாப் ஸ்டேஷன் போன அன்று வழிநெடுக ஒரு வேலை செய்தோம். பிள்ளைகளிடம் எஸ்டேட் பெயர்களுக்குப் பொருள் கேட்டோம். பெரியவரை, செண்டுவரை, சிட்டிவரை, வாகுவரை. வரை என்றால் மலை என்று பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள். குண்டுமலை, கன்னிமலை, அருவிக்காடு, எல்லப்பட்டி, மாட்டுப்பட்டி. தோட்டம் துரையுடையது, பெயர் தமிழ். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டல என்ற மூன்று ஆறு சேர்வதால் மூணாறு. காட்டை வெட்டியவர்கள் வாயில் புழங்கிய பெயர்களைத்தான் கம்பெனியும் எழுதிக்கொண்டது. ஆட்களின் பெயர் தொலைந்தாலும் அவர்கள் பேச்சு இங்கே பலகையில் நிற்கிறது.

ஆட்களின் பெயரைத் தேடியதில் நமக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். பழைய மஸ்டர் ரோல்களை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை மனுக் கொடுத்தோம். முதல் இரண்டுக்குப் பதிலே வரவில்லை. மூன்றாவது முறை நேரில் போனபோது, பழையதெல்லாம் கரையான் அரித்துவிட்டது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மிகவும் மனவருத்தம். அரித்ததையாவது பார்க்க விட்டிருக்கலாம்.

வீடுகளில் நிலைமை பரவாயில்லை. பழைய புகைப்படங்கள், சம்பளச் சீட்டுகள், ஒரு கொழுந்துக் கூடை, ஞானஸ்நானச் சீட்டு இரண்டு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியது, கங்காணி வீட்டுப் பேத்தி ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கணக்கு நோட்டு. அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரும் கொடுத்த பணமும் மையால் எழுதியிருக்கிறது. கயத்தாறு, சங்கரன்கோவில், புளியங்குடி. சில பெயர்களை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். கடன் தீர்ந்ததா, ஆள் தீர்ந்ததா என்று நோட்டில் இல்லை. அந்த நோட்டைக் கொடுக்கும்போது அந்த அக்கா அழுதார்கள். "எங்க தாத்தா நல்லவரா கெட்டவரா தெரியல தம்பி, நீங்களே வச்சுக்குங்க" என்றார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி.

இந்த வேலையில் அவசரம் இருக்கிறது. ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டை, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டைக் காலி பண்ண வேண்டும். அப்படிக் கீழே இறங்கும் குடும்பங்கள் பழைய தகரப்பெட்டியைத்தான் முதலில் தூக்கிப் போடுகின்றன. 2018 வெள்ளத்தில் பழைய மூணாறில் எத்தனையோ வீட்டுக் காகிதங்கள் நனைந்து போயின. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் நம் உறவுகள் இருந்தார்கள். அந்தப் பெயர்களையாவது நாம் முழுசாக எழுதி வைத்திருக்கிறோம்.

உறுப்பினர்களிடம் வேண்டுவது இதுதான். பெட்டியைக் காலி பண்ணும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். காகிதத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். எண்பது வயது தாண்டிய பெரியவர்கள் எந்த லயத்தில் இருந்தாலும் சொல்லுங்கள், நாங்களே வந்து பேச்சைப் பதிவு செய்கிறோம்.

இந்த அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன். தேநீருக்கு முன்பு அந்த நோட்டிலுள்ள பெயர்களை, அடித்தவையும் சேர்த்து, துணைச் செயலாளர் வாசிப்பார். கேட்ட பெயரும் ஊரும் உங்கள் வீட்டுப் பேச்சில் வந்தது போல இருந்தால் உடனே கை தூக்குங்கள்.