ஆண்டறிக்கை 2024-25: மூச்சு வேற, சுவாசம் வேற

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அம்மா, பொருளாளர் சார், வந்திருக்கிற உயிரியல் டீச்சர்ஸ், இன்னும் பஸ்ல வந்துட்டு இருக்கிறவங்க எல்லாருக்கும் சேத்து சொல்லிடறேன். போன வருஷ அறிக்கை நாலு பக்கம் இருந்துச்சு, யாருமே படிக்கலன்னு பின்னாடி தெரிஞ்சுது, அதனால இந்த தடவ பேசற மாதிரியே எழுதிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.

நம்ம உயிரியல் டீச்சர்ஸ் சங்கத்துல உறுப்பினர் 31 பேர். மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை கூட்டம், மே மாசமும் மழைக்கு லீவு விட்ட நவம்பரும் தவிர எல்லாம் நடந்துச்சு. வருஷத்துக்கு ஒரே தலைப்புன்னு போன பொதுக்குழுவுல முடிவு பண்ணோம்ல, அதுபடி இந்த வருஷம் வாயு பரிமாற்றமும் சுவாசமும். ஏன் இத எடுத்தோம்னா ஜூன் கூட்டத்துல ஒரு டீச்சர் அரையாண்டு பேப்பர் கட்டு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அதுல "சுவாசம் என்றால் என்ன"ங்கிற கேள்விக்கு பாதிக்கு மேல பிள்ளைங்க "ஆக்சிஜனை உள்ளிழுத்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவது"ன்னு எழுதி வச்சிருந்தாங்க, அதே பிள்ளைங்க அடுத்த பக்கத்துல, செல்லுக்குள்ள குளுக்கோஸ் உடையற படிகளான கிளைக்காலிசிஸ், கிரப்ஸ் சுழற்சின்னு படம் போட்டு முழு மார்க் வாங்கியிருக்காங்க. ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு முனைன்னு அதுங்களுக்கு தெரியவே இல்ல.

தப்பு பிள்ளைங்க மேல மட்டும் இல்ல. பத்தாம் வகுப்பு புக்குல செல் சுவாசம் தாவர செயலியல் பாடத்துல, ஒளிச்சேர்க்கைக்கு பக்கத்துல உக்காந்திருக்கு. அட்டையும் முயலும் எப்படி மூச்சு விடுதுங்கிறது அடுத்த பாடத்துல. மனுஷ நுரையீரல விரிவா பாக்கணும்னா பதினொண்ணாம் வகுப்பு விலங்கியல் வரைக்கும் போகணும். அப்போ ஒரு பையன் எழுந்து "சார், கிளைக்காலிசிஸ் மனுஷனுக்கும் உண்டா?"ன்னு கேட்டா அது முட்டாள் கேள்வி இல்ல, நல்ல கேள்வி. "செல் சுவாசம் தாவரங்களில் மட்டும் நடைபெறும்"னே ஒரு பேப்பர்ல இருந்துச்சு, புக்கு வரிசைய பாத்தா அவன் அப்படி நினைச்சதுல ஒரு நியாயம் இருக்கு.

ஜூலை கூட்டம் முழுக்க வார்த்தை சண்டை. நம்ம மொழியில சுவாசம்னா மூச்சுதான், "சுவாசக் கோளாறு"ன்னா ஆஸ்பத்திரியில மூச்சிரைப்பு. அதே வார்த்தைய எடுத்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள நடக்கிறதுக்கும் வச்சிட்டோம். போதாததுக்கு மூச்ச உள்ள இழுக்கிறதுக்கு உட்சுவாசம்னு பேரு, பிள்ளைங்க அத உடம்புக்கு உள்ள நடக்கிற சுவாசம்னு புரிஞ்சுக்குது. அன்னிக்கு விருந்தாளியா வந்த தமிழ் ஐயா "உயிர்ப்புன்னு ஒரு நல்ல பழைய சொல் இருக்கே"ன்னார், அதுக்கும் பழைய அர்த்தம் மூச்சுதானேன்னு தலைவர் அம்மா கேட்டாங்க, ஐயா சிரிச்சுட்டு காப்பி குடிச்சார். கடைசில ஒரு முடிவுக்கு வந்தோம்: வகுப்புல தனியா சுவாசம்னு யாரும் சொல்லக்கூடாது. நெஞ்சு ஏறி இறங்குறது மூச்சு. நுரையீரல்லயும் செவுள்லயும் தோல்லயும் வாயு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போறது வாயு பரிமாற்றம். செல்லுக்குள்ள குளுக்கோஸ உடைச்சு ஏ.டி.பி.ங்கிற ஆற்றல் பொருள எடுக்கிறது செல் சுவாசம். பரீட்சையில மட்டும் புக்கு வார்த்தைய அப்படியே எழுத சொல்லிடணும், ஏன்னா திருத்தறவங்க கையில இருக்கிற கீயில இல்லாத வார்த்தைக்கு மார்க் விழாது. இது ரெட்ட வேஷம்தான், எனக்கும் பிடிக்கல, வேற வழி தெரியல.

ஆகஸ்ட்ல நுரையீரல் எப்படி வேல செய்யுதுன்னு காட்டற பாட்டில் மாடல். அந்த பிளாஸ்டிக் பாட்டில், உள்ள ரெண்டு பலூன், அடியில கிழிஞ்ச பலூன் ரப்பர், எல்லா அறிவியல் கண்காட்சியிலயும் பத்து இருக்கும். அத தூக்கி போடணும்னு ஒரு கட்சி, வச்சுக்கணும்னு ஒரு கட்சி. என் கட்சி ரெண்டாவது. அந்த மாடல் ஒரே ஒரு விஷயத்த ரொம்ப நல்லா சொல்லுது: காத்து உள்ள போறதால நெஞ்சு விரியல, நெஞ்சு விரியறதாலதான் காத்து உள்ள போகுது. இத தலைகீழா எழுதற பிள்ளைங்கதான் அதிகம். சும்மா உக்காந்து மூச்சு விடறப்ப நுரையீரலுக்குள்ள அழுத்தம் வெளிய இருக்கிற 760 மிமீ பாதரசத்த விட ஏறக்குறைய 1 மிமீ தான் குறையுது, அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கே அரை லிட்டர் காத்து உள்ள வந்துடுது. மத்ததெல்லாம் மாடல் தப்பாதான் காட்டுது. நிஜ உதரவிதானம், அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை, சும்மா இருக்கும்போது கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி மேல வளைஞ்சிருக்கும், மாடல்ல அதுக்கு பதிலா இருக்கிற ரப்பர் தட்டையா இருக்கு. நிஜத்துல விலா எலும்பு மேல எழும்பும், பாட்டில் சுவர் அசையாது. பலூனுக்கும் பாட்டிலுக்கும் நடுவுல அவ்வளவு பெரிய காலி இடம், நம்ம உடம்புல அங்க மெல்லிசா ஒரு திரவ படலம்தான். அதனால மாடல காட்டிட்டு "இதுல எதெல்லாம் பொய்?"னு பிள்ளைங்கள கேக்கறதுன்னு முடிவாச்சு. கேட்டு பாத்தவங்க சொன்னாங்க, ஒரு பீரியட் போதலயாம்.

செப்டம்பர் கூட்டம்தான் இந்த வருஷத்தோட ஹைலைட். ஆட்டு நுரையீரல். கறிக்கடை பாய் கிட்ட முதல் நாளே சொல்லி, மூச்சுக்குழாயோட, கிழியாம முழுசா வேணும்னு கேட்டோம், அவர் ஒரு மாதிரி பாத்துட்டு "குழம்புக்கு எதுக்கு சார் குழாயோட?"ன்னார். மூணு வாங்குனோம், ரெண்டுல கத்தி பட்டிருந்துச்சு, ஊதுனா உஸ்ஸுன்னு காத்து போச்சு. மூணாவது உருப்படி. வாய வச்சு ஊதக்கூடாது, அது சுத்தம் இல்ல, அதனால பெரிய கண்ணாடி கவர்ல போட்டு கட்டி சைக்கிள் பம்ப் வச்சு அடிச்சோம். சுருங்கி கிடந்தது மெதுவா ரோஸ் கலர்ல விரிஞ்சு எழும்பினப்போ இருபது வருஷம் சர்வீஸ் போட்டவங்களே வாய திறந்துட்டு நின்னாங்க. பம்ப எடுத்ததும் தானா சுருங்குது. மூச்சு வெளிய விடறதுக்கு, சும்மா இருக்கும்போது, தசை வேல தேவையில்லன்னு எத்தன தடவ போர்ட்ல எழுதியிருக்கோம், அன்னிக்குதான் கண்ணால பாத்தோம். மூச்சுக்குழாய விரலால தடவி பாத்தா குருத்தெலும்பு வளையம் முன்பக்கம் கெட்டியா, பின்பக்கம் சாப்ட்டா இருக்கு. அப்புறம் ஒரு துண்டு வெட்டி தண்ணியில போட்டா மிதக்குது, பக்கத்துல ஈரல் துண்டு போட்டா முழுகுது. நுரை ஈரல்னு நம்ம ஆளுங்க பேரு வச்சதே இதுக்குத்தானேன்னு ஒரு டீச்சர் சொன்னாங்க, அட ஆமாம்ல.

இத வகுப்புல செய்யறவங்க முன்னாடியே பிள்ளைங்க கிட்ட கேட்டுக்கோங்க, சைவம் சாப்பிடற பிள்ளைங்க, ரத்தம் பாத்தா மயக்கம் வர்ற பிள்ளைங்கள கட்டாயப்படுத்தாதீங்க. ஒரு பள்ளியில லேப் சாவி கிடைக்காம வராந்தாவுல வச்சு செஞ்சு, காக்கா வந்து தூக்கிட்டு போன கதையும் உண்டு, அது எந்த பள்ளின்னு கேக்காதீங்க.

அதோட சேந்து ஒரு சின்ன விஷயம். நுரையீரல்ல சுமார் 30 கோடி நுண்ணறை, அதாவது குட்டி குட்டி காத்துப்பை, பரப்பு கிட்டத்தட்ட 70 சதுர மீட்டர்னு சொல்லிட்டு "டென்னிஸ் கோர்ட் அளவு"ன்னு ஒரு உவமை சொல்றோம். நம்ம பிள்ளைங்க டென்னிஸ் கோர்ட்ட டிவிலதான் பாத்திருக்கும், அதுவும் இல்லாம முழு கோர்ட் 260 சதுர மீட்டர், உவமையே தப்பு. 70 சதுர மீட்டர்னா 750 சதுர அடி, ஒரு சின்ன ரெண்டு பெட்ரூம் வீடு. மைதானத்துல 10 மீட்டருக்கு 7 மீட்டர் கோடு போட்டு பிள்ளைங்கள உள்ள நிக்க வச்சு "இவ்வளவும் உன் நெஞ்சுக்குள்ள"ன்னு சொன்னா போதும்.

மூச்ச ஊதுனா கார்பன் டை ஆக்சைடால பால் மாதிரி கலங்கற சுண்ணாம்பு தண்ணி சோதனை எல்லாரும் செஞ்சாங்க. வெத்தலபாக்கு கடை சுண்ணாம்பு போதும், தண்ணியில கலக்கி ராத்திரி வச்சிட்டு மேல தெளிஞ்சத மட்டும் எடுக்கணும், காஞ்சு போன பழைய சுண்ணாம்பு வேலைக்கு ஆகாது, அது ஏற்கனவே கார்பனேட்டா மாறியிருக்கும். ஒரு பையன் ஊதறதுக்கு பதிலா உறிஞ்சிட்டான், நல்லவேளை உடனே துப்பிட்டான், வாய கொப்பளிக்க வச்சாங்க. அதுக்கு அப்புறம் ஸ்ட்ராவோட மேல்பக்கம் ஊசியால ஒரு ஓட்டை போட்டுடறோம், ஊதலாம், உறிஞ்சுனா தண்ணி ஏறாது. கண்ணுல படாம பாத்துக்கணும்.

இதுல ஒரு கூத்து. அதிகமா செலுத்தினா பால் நிறம் போயி தெளியும்னு படிச்சத நம்பி ஒரு வகுப்பே மாத்தி மாத்தி ஊதி, தலை சுத்துனதுதான் மிச்சம், தெளியல. வெளிவிடற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் தான், கெட்டி சுண்ணாம்பு தண்ணிக்கு அது பத்தாது. பாதிக்கு பாதி தண்ணி கலந்து, ஆப்ப சோடாவும் எலுமிச்சம் சாறும் சேத்து வர்ற வாயுவ விட்டப்போ தெளிஞ்சுது. அந்த 4 சதவீதத்த பிடிச்சுக்கிட்டே அடுத்த பாடத்துக்கு போயிடலாம்: உள்ள போற காத்துல ஆக்சிஜன் 21, வெளிய வர்றதுல 16. அதாவது நாம வெளிய விடறதுல கார்பன் டை ஆக்சைட விட நாலு மடங்கு ஆக்சிஜன் இருக்கு. மயங்கி கிடக்கிறவங்களுக்கு வாயோட வாய் வச்சு ஊதி உயிர் காப்பாத்தறது எப்படின்னு கேட்டா பிள்ளைங்க மூஞ்சி மாறும்.

இன்னொண்ணு, நமக்கே தடுமாற்றமா இருந்தது. உள்ள இழுத்த ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடா மாறி வெளிய வருதுன்னு நம்மள்ல நாலஞ்சு பேர் நம்பிட்டு இருந்தோம், நானும் ஒருத்தன், சமன்பாட்ட பாத்தா அப்படித்தான் தோணும். ஆனா ஆக்சிஜன் போயி சேர்ற இடம், செல் சுவாசத்தோட கடைசி கட்டமான எலக்ட்ரான் கடத்து சங்கிலியோட கடைசி, அங்க அது தண்ணியா மாறுது. கார்பன் டை ஆக்சைடு அதுக்கு முன்னாடியே, கிரப்ஸ் சுழற்சி பக்கம், ஆக்சிஜன தொடாமலே வெளிய வந்துடுது. புதுசா சேந்த டீச்சர் பொண்ணு இத போர்ட்ல போட்டு விளக்குனப்போ பின் பெஞ்ச் ரிட்டயர்ட் சார் எழுந்து கை தட்டுனார்.

செல் சுவாசத்துல சூடு வரும்னு காட்டற பிளாஸ்க் சோதனை தோல்வி, அதையும் எழுதணும். ஒரு பிளாஸ்க்ல முளைகட்டுன பச்சப்பயறு, இன்னொண்ணுல வேகவச்ச பயறு, ரெண்டுலயும் தெர்மாமீட்டர், வாயில பஞ்சு. முளைப்பயறு சூடாச்சு, சந்தோஷம். மூணாம் நாள் வேகவச்சதும் சூடாக ஆரம்பிச்சுது. திறந்து பாத்தா பூஞ்சை, நாத்தம் தாங்கல. செத்த பயறு சுவாசிக்கல, அது மேல வளந்ததுங்க சுவாசிக்குது. ரெண்டு பயறையும் கிருமிநாசினி கலந்த தண்ணியில அலசிட்டு போட்டிருக்கணும். ஒரு விதத்துல அந்த தோல்விய காட்டறதே நல்ல பாடம்னு தோணுது, பொருளாளர் சார் மட்டும் பிளாஸ்க் கழுவுன கோவத்துல ஒத்துக்கல.

ராத்திரி புளியமரத்தடியில படுத்தா ஆள் செத்துடுவாங்கங்கற பேச்சு இல்லாம இந்த தலைப்பு முடியுமா? செடி பகல்ல ஒளிச்சேர்க்கை, ராத்திரி சுவாசம்னு ஷிப்ட் பிரிச்சு வச்சிருக்கு நம்ம பிள்ளைங்க. செடி இருபத்திநாலு மணி நேரமும் சுவாசிக்குது, பகல்ல ஒளிச்சேர்க்கை அத மறைச்சிடுது, அவ்வளவுதான். திறந்த வெளியில மரம் விடற கார்பன் டை ஆக்சைடு காத்தோட போயிடும், அதுக்கு ஆள் சாகணும்னா பக்கத்து பாயில படுத்து குறட்டை விடற மாமாவுக்கும் பயப்படணும். இட்லி மாவு பொங்கறது ஈஸ்ட்டாலன்னு சொல்றதையும் இனிமே நிறுத்திக்கலாம், அதுல பெரும்பங்கு லியூக்கோனாஸ்டாக்ங்கிற பாக்டீரியாவோடது. ஈஸ்ட்டுக்கு உதாரணம் வேணும்னா கள்ளு இருக்கு, ஆனா வகுப்புல அத எந்த அளவுக்கு பேசறதுங்கறது உங்க தைரியம்.

ஜனவரியில, விரல்ல மாட்டுனா ரத்தத்துல ஆக்சிஜன் சதவீதம் காட்டற பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்குனோம். கொரோனாவுக்கு அப்புறம் எல்லா பிள்ளைக்கும் 95ங்கிற நம்பர் தெரியுது. அரை நிமிஷம் மூச்ச பிடிச்சா எவ்வளவு இறங்கும்னு கேட்டா 80, 70ன்னு கத்துதுங்க, பாத்தா 98லயே நிக்குது. அப்போ ஏன் மூச்சு முட்டுது? ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுறதாலதான், ஆக்சிஜன் குறைஞ்சதால இல்ல. யார் அதிக நேரம் பிடிக்கிறாங்கன்னு போட்டி மட்டும் வைக்காதீங்க.

கணக்கு. ஆரம்ப இருப்பு 1,140 ரூபா. சந்தா 200 வீதம் 27 பேர் கட்டுனது 5,400, மீதி நாலு பேர் யாருன்னு அவங்களுக்கே தெரியும். செலவு: பிளாஸ்க் ரெண்டு 1,500, ஆக்சிமீட்டர் 900, ஆட்டு நுரையீரல் 600, பலூன் ஸ்ட்ரா ரப்பர் குழாய் சுண்ணாம்பு எல்லாம் சேத்து 410, டீயும் பஜ்ஜியும் 2,330. மொத்தம் 5,740. கையிருப்பு 800. பஜ்ஜி கணக்கு பத்தி கேள்வி கேக்கறவங்க பஜ்ஜி சாப்பிடாதவங்களா இருக்கணும்.

அடுத்த வருஷ தலைப்புக்கு கழிவு நீக்கம்னு மூணு பேரும் ரத்த ஓட்டம்னு அஞ்சு பேரும் சொல்லியிருக்காங்க, இன்னிக்கு கை தூக்கி முடிவு பண்ணிடலாம். கறிக்கடை பாய் இதயம்னா ரெடின்னு சொல்லிட்டார். செயலாளர் பொறுப்புக்கு வேற யாராவது முன்வந்தா நல்லது, நான் ரெண்டு வருஷம் பாத்துட்டேன். அப்புறம் அந்த ஆக்சிமீட்டர் பிப்ரவரியில இருந்து கைமாறி கைமாறி இப்போ யார் வீட்ல இருக்குன்னு தெரியல, இருக்கிறவங்க பேட்டரிய கழட்டி தனியா வச்சு அடுத்த சனிக்கிழமை கொண்டு வந்துடுங்க.