பெட்டியில் வைத்து விற்றால் அது உங்கள் பொருள்தான்

ரவுட்டர், கேமரா, ஸ்மார்ட் டிவி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். என் ரவுட்டர் மூன்று மாதமாகத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. அடாப்டரை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் கோளாறு ஃபர்ம்வேரில், அதாவது ரவுட்டருக்குள் பதித்திருக்கும் மென்பொருளில்தான் என்று சேவை மையமே ஒப்புக்கொண்டது. சரி, அப்டேட் எப்போது வரும் என்று கேட்டேன். உள்ளே ஓடுவது லினக்ஸ், அது இலவச மென்பொருள், அதற்கு நாங்கள் காசு வாங்கவில்லை, வாரண்டி வன்பொருளுக்கு மட்டும்தான் என்றார்கள்.

அந்த லினக்ஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நாலு விளக்கும் இரண்டு ஆன்டெனாவும் உள்ள பிளாஸ்டிக் டப்பா. அதற்கா நான் பணம் கொடுத்தேன்?

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஜிபிஎல் உரிமம், அதாவது லினக்ஸை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம், அச்சிட்டிருக்கிறீர்கள். போனில் படமெடுத்துப் பெரிதாக்கி முழுவதும் படித்தேன். 1991இல் வந்த இரண்டாம் பதிப்பு. நிரலைக் கட்டணமில்லாமல் தருவதால் உத்தரவாதம் இல்லை என்று அதில் இருப்பது உண்மைதான், ஆனால் அது நிரலை எழுதியவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்னது. அதே உரிமம், விரும்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரலாம் என்றும் சொல்கிறது. நீங்கள் கட்டணம் வாங்கியாயிற்று. அப்புறம், நீங்கள் இலவசம் என்று சொல்லும் இந்த மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம், அந்தப் பெயர் குறிப்பது பயன்படுத்துபவரின் உரிமையைத்தானே தவிர விலையை அல்ல.

சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து நிரல் எழுதியவர் மீது பழி போடாதீர்கள். அவர் எனக்கு எதையும் விற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த புதிய பொருள் பொறுப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே பிரிக்கிறது: மென்பொருளும் பொருள்தான், வணிக நோக்கமின்றிக் கொடுக்கப்படும் திறமூல நிரலுக்கு (லினக்ஸ் போல யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளத் திறந்துவைத்த நிரலுக்கு) விலக்கு உண்டு, ஆனால் அதை எடுத்துத் தன் சாதனத்தில் சேர்த்து விற்கும் தயாரிப்பாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உலகம் முழுக்க இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறேன்.

எந்த ஆண்டு வரை அப்டேட் தருவீர்கள் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். அதற்குப் பிறகு முடியாதென்றால் மூல நிரலையாவது கொடுங்கள், கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று நீங்கள் அச்சிட்ட அந்த உரிமமே சொல்கிறது. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனம் தன் ரவுட்டர் ஒன்றின் நிரலை வெளியிட்டதிலிருந்துதான் ரவுட்டர்களுக்கான கட்டற்ற மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது, இன்றும் எத்தனையோ பழைய ரவுட்டர்கள் அதில் ஓடுகின்றன. என் ரவுட்டரின் நிரலைக் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை.