‘அது ஃப்யூஷன் சார், பாடத்தில் வராது’: இசைக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இசைக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை வகுக்கும் பெருமக்களுக்கு வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மிருதங்கமும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்குத் தேர்வாளராகப் போயிருந்தபோது, தாள வாத்தியப் பிரிவின் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், ஜாஸும் நம் இசையும் கலந்து வாசித்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்டதுண்டா என்று விசாரித்தேன். கேட்டதில்லை என்றார். பக்கத்திலிருந்த ஆசிரியர் சிரித்துக்கொண்டே, “அது ஃப்யூஷன் சார், பாடத்தில் வராது” என்று முடித்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததை அவர் எதற்காக நடத்த வேண்டும்? ஆகவேதான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் ஒலிப்பதிவுகளை, குறிப்பாக சக்தி குழுவோடு அவர் முதலில் வெளியிட்ட மூன்று தட்டுகளை, வீணை மாணவர்களும் தாள வாத்திய மாணவர்களும் வகுப்பில் உட்கார்ந்து கேட்கும்படி பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அவர் 1942-இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். தாயார் வயலின் வாசித்தவர். பதினோரு வயதில் கிதாரைக் கையில் எடுத்த மெக்லாக்லின், லண்டனில் கிடைத்த குழுக்களிலெல்லாம் வாசித்துப் பிழைத்து, 1969 ஜனவரியில்தான் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்ற தம் முதல் தனித்தட்டைப் பதிவு செய்தார். அடுத்த மாதமே டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸின் குழுவில் சேர அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறாத குறையாக ஓடினார். போய் இறங்கிய சில நாட்களுக்குள், பிப்ரவரி 18 அன்று, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’ பதிவில் உட்கார வேண்டியதாயிற்று. கிதார் வாசிக்கவே தெரியாதவனைப் போல வாசி என்று டேவிஸ் அன்று சொன்னதை மெக்லாக்லின் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விரல் வேகத்தையே வித்துவத்தனம் என்று நினைக்கும் நம் மாணவர்களுக்கு, அந்தத் தட்டில் அவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தயங்கித் தயங்கி வைப்பதைப் போட்டுக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவான ‘பிட்சஸ் ப்ரூ’ இரட்டைத்தட்டில், அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஓர் உருப்படியும் உண்டு.

1971-இல் அவர் தொடங்கிய ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அந்தச் சத்தம் என் காதுக்கு இன்றுவரை அதிகம்தான். ஆனாலும் 1973-இல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தட்டின் தலைப்பு உருப்படி பதினெட்டு எண்ணிக்கையில் ஓடுவதை, தாளம் போட்டுப் பழகியவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். ராக் ரசிகர்களுக்கு அது விநோதமாகப் பட்டிருக்கலாம். நமக்கு அது கையில் எண்ணிப் பார்க்கத் தோன்றும் கணக்கு.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கதை அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே கற்பித்துவந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை பயின்றார். வயலின் வித்துவான் எல். சங்கர் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தார். இவர்களோடு தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச். விநாயக்ராம், மிருதங்கத்தில் ஆர். ராகவன் ஆகியோர் சேர்ந்து, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலுள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் வாசித்த கச்சேரியே முதல் தட்டாக வெளிவந்தது. இரண்டாம் பக்கம் முழுவதையும் ஒரே உருப்படி, கிட்டத்தட்ட அரை மணி நேரம், எடுத்துக்கொள்கிறது. ராகம் தானம் பல்லவிக்கு உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த நீளம் புதிதல்ல. மேற்கத்திய இசைத்தட்டு வணிகத்தில் அப்படி ஒரு பக்கத்தையே ஒப்படைப்பது சாதாரண காரியமும் அல்ல.

வீணை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது அவர் வைத்திருந்த கிதாரை. சக்திக்காக ஆப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்துகொடுத்த அந்தக் கருவியில், தந்தி பதியும் உலோகக் கட்டைகளான மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் எப்படி விரல் மரத்தில் தட்டாமல் தந்தியை மட்டும் பற்றி இழுக்கிறதோ, அப்படி இழுக்க இந்தக் கிதாரிலும் இடம் கிடைத்தது. போதாதென்று, ஒலித்துளையின் குறுக்கே, முதன்மைத் தந்திகளுக்குக் கீழே சாய்வாக, சுருதிக்கென்று ஏழு தந்திகள். நம் வீணையின் தாளத் தந்திகளை நினைத்துக்கொண்டு ஒருமுறை அந்தக் கருவியின் புகைப்படத்தைப் பாருங்கள். ஆறு தந்திக் கிதாரில், ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் ஒலிக்கும் கமகம் எவ்வளவு தூரம் எட்டும், எந்த இடத்தில் கருவி கைவிட்டுவிடுகிறது என்ற ஆராய்ச்சியை ஒருவர் மரத்திலும் கம்பியிலும் செய்து வைத்திருக்கிறார். எட்டாத இடங்களும் உண்டு. சங்கரின் வயலின் ஒரு ஸ்வரத்தைச் சுழற்றிவிட்டு நகர்ந்த பிறகு கிதார் அதே பிடியைத் திருப்பிச் சொல்லும்போது, எது விட்டுப்போனது என்று மாணவர்களைக் கேட்கலாம். கமகத்தைப் பற்றி அதைவிட நல்ல தேர்வுக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

தாள வாத்தியக்காரர்களுக்கு வேறொரு காரணம். நம் மேடையில் கடம் உபபக்கவாத்தியம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தன் முறை வரும்வரை மிருதங்கத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கும் பானை. முதல் தட்டுக்குப் பிறகு ராகவன் விலகியதும், சக்தியில் தபலாவுக்குச் சமமாக நின்று கேள்வி கேட்டதும் பதில் சொன்னதும் அந்தக் கடம்தான். 1976-இல் வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ தட்டின் முதல் உருப்படி கொன்னக்கோலில் தொடங்குகிறது. நான் அதை வகுப்பில் போட்டபோது, அதுவரை செல்பேசியைத் தடவிக்கொண்டிருந்த ஒரு பையன் தானாகவே தொடையில் தட்ட ஆரம்பித்ததைப் பார்த்தேன். மூன்றாவதான ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’, 1977-இல் வந்தது, எனக்கு அத்தனை ஒட்டவில்லை. உருப்படிகள் குறுகிவிட்டன, வளர்வதற்குள் முடிந்துவிடுகின்றன.

அதன் பிறகான அவருடைய பதிவுகள் ஏராளம். கிதார் கலைஞர்கள் பாக்கோ டி லூசியா, அல் டி மியோலா ஆகியோரோடு 1980 டிசம்பர் 5 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் வாசித்த கச்சேரித்தட்டு உலகப் புகழ் பெற்றது. கைத்தட்டலுக்காக ஓடும் சில இடங்களைத் தவிர நானும் அதை ரசித்தவன்தான். ஆனால் உங்கள் கவனத்துக்கு நான் கொண்டுவர விரும்புவது 1990-களின் இறுதியில் மறுபடி எழுந்த ‘ரிமெம்பர் சக்தி’. அதில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து சேர்ந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். 2014-இல் நாற்பத்தைந்து வயதில் மறைந்த ஸ்ரீநிவாஸை நாம் சபா மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஒரு ஜாஸ் கிதாருக்கு எதிரே உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்பதைக் கேட்காமல் அவரை முழுதாக அறிந்துவிட்டதாக நான் சொல்லத் துணியமாட்டேன். மெக்லாக்லினின் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’ தட்டோ சென்னையிலேயே பதிவாகி 2008-இல் வெளிவந்தது. 2023-இல் வந்த சக்தியின் ‘திஸ் மொமன்ட்’ அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிராமி விருது பெற்றபோது செய்தித்தாள்கள் ஒருநாள் கொண்டாடின. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார்.

இது கர்நாடக இசையே அல்ல என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். குருவழி வரும் பாடாந்தரமாக இதை யாரும் கற்க வேண்டாம். ஆனால் மெக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து 2007-இல் கொன்னக்கோல் பயிற்சிக்கென்றே ஒரு டிவிடி வெளியிட்டார்கள். வெளிநாட்டு கிதார் மாணவன் ‘தகிட’ என்ற சொல்லை அதன் வழியாகக் கற்றுக்கொள்ள முடிகிறது. அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்களான நம் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கலைஞரின் பெயர் தெரியாமல் இருப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புதிதாக ஒரு தாள் வேண்டாம், தேர்வும் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் ஒரு பருவத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நூலகத்துக்கு இந்தத் தட்டுகளை, யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம் அச்சிட்ட அட்டையோடு, வாங்கி வையுங்கள். இக்குழுக்களில் வாசித்த நம் ஊர்க் கலைஞர்களை அழைத்து, அந்தக் கணக்குகள் ஒத்திகையில் எப்படி உருவாயின என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து பதிவு செய்யுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

அதுவரை, என்னிடமுள்ள மூன்று தட்டுகளையும் தட்டு சுழற்றும் கருவியையும் எந்தக் கல்லூரி கேட்டாலும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரத் தயாராக இருக்கிறேன். முதல் தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் உண்டு. ஊசி குதிக்கும் இடத்தில் நான் கையால் தாளத்தைத் தொடர்ந்து போட்டுவிடுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு மிருதங்க ஆசிரியர்