சொல்லாமல் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுன்டியில் சிறார் நீதிமன்றத்திலும் நன்னடத்தைத் துறையிலும் மனநலத் துறையிலும் எங்கள் மகனுக்காகப் பணியாற்றிய அனைவருக்கும், எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு குடும்பத்துக்கும்,

வணக்கம்.

இந்த மடலில் உங்கள் பெயர்கள் இல்லை, எங்கள் பெயர்களும் இல்லை. சிறார் வழக்கு விவரங்களைச் சட்டமே மறைவாக வைத்திருக்கும் மாநிலத்தில், ஒரு தந்தை நன்றி சொல்லும் ஆர்வத்தில் அந்தத் திரையை விலக்கிவிடக் கூடாது அல்லவா? உங்களுக்குத் தனித்தனியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். அதையே இங்கே தமிழில், பொதுவில் எழுதுவதற்குக் காரணம், எங்களைப் போலவே வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தவித்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களில் பலருக்குக் கவுன்டி என்றால் வீட்டு வரி கட்டும் இடம் மட்டுமே. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இங்கே பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நம் ஊர் மாவட்ட நிர்வாகத்தைப் போன்ற இந்த அமைப்புக்குள் பிள்ளைகளின் மனநலத்தையும் போதைப்பழக்கச் சிகிச்சையையும் ஒன்றாகக் கவனிக்கும் ஒரு துறை இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் தெரிந்துகொண்டேன்.

என் மகனுக்கு அப்போது வயது 16. அவன் தூங்காமல் இருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் என் தாயார். "பிள்ளை ராத்திரி எல்லாம் முழிச்சிட்டே இருக்கான், என்னன்னு கேளுடா" என்று அவர் சொன்னபோது, தேர்வு நேரம் என்று பதில் சொன்னேன். பிறகு அவன் பூப்பந்தாட்டத்தை விட்டான், நண்பர்களை மாற்றினான், அவன் அறையில் வேப் என்னும் மின்சிகரெட் புகையின் இனிப்பு மணம் வந்தது. நாங்கள் கணக்குக்கு இன்னொரு டியூஷன் ஏற்பாடு செய்தோம். கோவிலுக்கு அழைத்துச் சென்றோம். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தோம். எட்டு மாதங்கள் இப்படிப் போயின. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று அஞ்சி, கடைசியில் நாங்கள் மூடி வைத்தது எங்கள் பிள்ளையின் வாயைத்தான்.

வெளியூர் சென்றிருந்த அண்டை வீட்டார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக அவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவில் அவன் அங்கிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, இரண்டு நண்பர்களுடன் புறப்பட்டு, சாலையோரம் நின்றிருந்த ஒரு வண்டியில் மோதினான். யாருக்கும் காயம் இல்லை. இந்த ஒரு வரிக்காக நான் இன்றும் தினமும் கைகூப்புகிறேன்.

காவல் துறையினர் தொலைபேசியில் அழைத்தபோது நான் அவர்களிடம் சொன்ன முதல் வாக்கியம், "நான் வரும்வரை இருங்கள், எல்லா உண்மையையும் அவனைச் சொல்ல வைக்கிறேன்" என்பதுதான். நேர்மையாக வளர்த்தோம், நேர்மையாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம். கலிபோர்னியாவில் 2021 முதல் 17 வயதோ அதற்குக் குறைவோ உள்ள எவரையும் காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன் அவர் ஒரு வழக்கறிஞருடன் பேசியாக வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றாலும், பெற்றோர் சம்மதித்தாலும் இந்த விதியைத் தள்ளிவிட முடியாது. அன்று இரவு தொலைபேசியில் அவனிடம் பேசிய அந்த வழக்கறிஞரின் குரலைக்கூட நான் கேட்டதில்லை. அவருக்கு என் முதல் நன்றி. என் அவசரத்திலிருந்து என் மகனைக் காத்தவர் அவர்.

அடுத்து, வழக்கை நடத்திய பப்ளிக் டிஃபெண்டர். நம் ஊரில் அரசு வழக்கறிஞர் என்றால் குற்றம் சாட்டும் தரப்பில் நிற்பவர். இங்கே அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கும் ஓர் அலுவலகமும் உண்டு என்பது பழகுவதற்குச் சற்றுக் கடினமான விஷயம். திங்கட்கிழமை அவரைச் சந்தித்தபோது, என் மகன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "அதை நான் உங்களிடம் சொல்ல முடியாது, நான் அவனுடைய வழக்கறிஞர், உங்களுடைய வழக்கறிஞர் அல்ல" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை, ஆனால் அசைவும் இல்லை. பெற்ற தகப்பனிடம் சொல்லக் கூடாத இரகசியமா என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு வீட்டில் நான் பேசிய பேச்சு எதையும் இங்கே எழுதத் தகாது.

பிள்ளைக்கென்று தனி வழக்கறிஞர் என்ற அந்த உரிமையின் வரலாற்றைப் பின்னர்தான் படித்தேன். 1964-இல் அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுச் சிறுவன், தொலைபேசியில் ஒரு பெண்மணியிடம் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிக்கப்பட்டான். வழக்கறிஞர் இல்லை, புகார் சொன்னவர் விசாரணைக்கு வரவும் இல்லை. 21 வயதுவரை அவனைச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவாயிற்று. அதே செயலைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம் அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல் அந்த உத்தரவைத் தள்ளி, சிறார்களுக்கும் வழக்கறிஞர் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பிள்ளையின் நன்மை எங்களுக்குத் தெரியும் என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்த இடத்தில், அந்தப் பிள்ளைக்கென்று பேச ஒருவர்கூட இல்லாமல் போனார். அதைப் படித்தபோது என் கோபம் இறங்கியது. முழுவதும் என்று சொன்னால் பொய்யாகும்.

சான் ஹோசேயில் குவாடலூப்பே பார்க்வேயில் இருக்கும் சிறார் காப்பிடத்தில் என் மகன் நான்கு இரவுகள் இருந்தான். உள்ளே நுழையும்போதே ஒவ்வொரு பிள்ளையின் மனநிலையையும் கேட்டறிகிறார்கள். அங்கே எங்களிடம் எட்டு மாதங்களாகச் சொல்லாத ஒன்றை, முன்பின் தெரியாத ஒரு பணியாளரிடம் அவன் சொல்லியிருக்கிறான். எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது இவ்வளவுதான்: அவன் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறோம், இரவு முழுவதும் ஒருவர் கண்காணிப்பார். பெயர் தெரியாத அந்த இரவுப் பணியாளர்களே, எங்கள் வீட்டில் என் தாயார் ஒருவர் மட்டுமே விழித்திருந்து செய்த காவலை நீங்கள் முறை வைத்துச் செய்தீர்கள். உள்ளேயே கவுன்டி கல்வி அலுவலகம் நடத்தும் பள்ளி இருப்பதால், திங்கட்கிழமை காலை அவன் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அந்த ஆசிரியர் கொடுத்த கட்டுரைத் தாளை அவன் இன்னும் வைத்திருக்கிறான், எங்களுக்குக் காட்டியதில்லை.

வார இறுதி நாள்கள் கணக்கில் சேராததால் செவ்வாய்க்கிழமைதான் நீதிபதி முன் நிறுத்தினார்கள். என் மனைவிக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் அன்று காலை எந்த மொழியும் அவர் காதில் ஏறவில்லை. அதைக் கவனித்த நீதிமன்ற அலுவலர் ஒருவர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டு, காணொளி வழியாக ஏற்பாடும் செய்தார். அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மையாருக்கு ஒரு தனி நன்றி சொல்ல வேண்டும். சிறார் நீதிமன்றத்தில் மூச்சுக்கு மூச்சு வரும் சொல் மைனர். நம் பேச்சில் அதற்கு வரும் பொருளே வேறு. அவர் அதை ஒவ்வொரு முறையும் "பிள்ளை" என்றே சொன்னார். "பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப நீதிபதி சம்மதிக்கிறார்" என்ற வாக்கியம் கேட்டபோதுதான் என் மனைவி ஐந்து நாள்களில் முதன்முறையாக அழுதார்.

வழக்கு, தீர்ப்பை ஒத்திவைக்கும் முறையில் முடிந்தது. முதன்முறை தவறிய, 14 வயது நிரம்பிய பிள்ளைகளில் தகுதியுள்ளவர்களுக்கு இந்த வழி உண்டு: செய்ததை ஒப்புக்கொண்டு, குறைந்தது 12 மாதங்கள், அதிகபட்சம் 36 மாதங்கள் நீதிமன்றத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடந்தால், குற்றச்சாட்டு தள்ளுபடியாகி ஆவணமும் முத்திரையிடப்படும். அந்த 12 மாதங்களும் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர் நன்னடத்தை அலுவலர், இங்குள்ள பேச்சில் புரொபேஷன் ஆபீசர். முதல் நாள் நான் காசோலைப் புத்தகத்தை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காப்பிடத்தில் பிள்ளை தங்கிய ஒவ்வொரு இரவுக்கும், கண்காணிப்புக்கும் பெற்றோரிடம் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. 2018 முதல் கலிபோர்னியா முழுவதும் புதிதாக அப்படி விதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் விளக்கினார். சேதமடைந்த வண்டிகளுக்கான இழப்பீடு வேறு. அது எங்கள் பொறுப்பு, கொடுத்தோம்.

அவர் வரும்போதெல்லாம் என் தாயார் காபி கொடுப்பார். குடித்துவிட்டு, "நாங்கள் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறோம்" என்று பையனை மட்டும் அழைத்துச் செல்வார். முதல் மூன்று மாதங்கள் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பேசினீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "பூப்பந்தாட்டம்" என்றார். அது உண்மையா, என்னைத் தவிர்க்கச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் நான்காவது மாதம் அவன் பரணிலிருந்த மட்டையைத் தேடி எடுத்தான். அவனை ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது, ஐயா. தவறினால் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் அதிகாரமும் உங்களிடமே இருந்தது. அந்த அதிகாரத்தை ஒருநாளும் எங்கள் கூடத்தில் நீங்கள் உரக்கப் பேசவில்லை.

மனநல ஆலோசகரைப் பற்றி எழுதுவதுதான் கடினம், ஏனென்றால் அவரிடம்தான் நான் அதிகம் மோதினேன். இந்த மாநிலத்தில் 12 வயது நிரம்பியவர், விவரம் புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் இருந்தால், தாமே ஒப்புதல் தந்து ஆலோசனை பெறலாம். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்ற சில நிலைகளில் தவிர அங்கே பேசப்படுவது அந்த அறையை விட்டு வெளியே வராது. "அவனிடம் என்னதான் பிரச்சினை என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள்" என்று நான் மன்றாடியபோது, அவர் ஒரு நாற்காலியைக் காட்டி, "அதை அவனே உங்களிடம் சொல்லும் நாள் வரும், அதுவரை உங்களுக்கு என்ன பிரச்சினை என்று பேசலாமா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இங்கே பிள்ளைகளைவிடப் பெற்றோர்களுக்கே அதிக நேரம் ஆகிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் ஓர் இரவு நிலைமை மறுபடியும் மோசமாயிற்று. அப்போது தொலைபேசியை எடுத்தது நான் அல்ல, அவனே. 2022 ஜூலையில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை ஆலோசகர் அவனுடைய கைப்பேசியில் பதிய வைத்திருந்தார். அவன் அழைத்துப் பேசிய பின் நடமாடும் நெருக்கடிக் குழுவைச் சேர்ந்த இருவர் சீருடை இல்லாமல், சைரன் இல்லாமல், சாதாரணக் காரில் வீட்டுக்கு வந்தார்கள். காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, அவன் அறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தோம். போகும்போது அடுத்த மூன்று நாள்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் முதல் வரி அவனுடைய கையெழுத்தில் இருந்தது. அந்தத் தாள் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இன்னும் இருக்கிறது.

சிறார்களுக்கென்று நாட்டின் முன்னோடி மனநல நீதிமன்றங்களில் ஒன்று 2001-இல் தொடங்கியதும், 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் தாமாகவே நுழைந்து உதவி கேட்கக்கூடிய ஆல்கோவ் நிலையங்கள் 2021-இல் முதன்முதலில் திறக்கப்பட்டதும் இந்தக் கவுன்டியில்தான் என்பதைப் பிறகு அறிந்தேன். என் மகன் இப்போது அந்த நிலையங்களில் ஒன்றுக்குத் தானாகவே பேருந்தில் போய் வருகிறான். நாங்கள் கொண்டுவிடுவதில்லை.

அண்டை வீட்டாருக்கு நான் எப்படி நன்றி சொல்வது? உங்கள் நம்பிக்கையைத்தான் அவன் முதலில் உடைத்தான். நீதிமன்றத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தில் சேதக் கணக்கு எழுதிய பிறகு, அவன் சிறுவயதில் உங்கள் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டியதைப் பற்றி மூன்று வரிகள் எழுதியிருந்தீர்கள். தெருவில் எவரிடமும் இதைப் பற்றி நீங்கள் பேசவில்லை என்பது, இன்றுவரை எவரும் எங்களிடம் கேட்காததிலிருந்தே தெரிகிறது. இந்தக் கோடையில் ஊருக்குப் போகும்முன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி மறுபடியும் அவனிடம் சாவியைக் கொடுத்தீர்கள். என் மனைவி அதை வாங்க வேண்டாம் என்றார். அவன் வாங்கிக்கொண்டான்.

சென்ற மாதம் வழக்குத் தள்ளுபடியான உத்தரவு வந்தது. சட்டத்தின் கணக்கில் அந்தக் கைது நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதலாமா என்று முதலில் அவனிடம் அனுமதி கேட்டேன். கையெழுத்துப் பிரதியை இரண்டு நாள் வைத்திருந்து, இரண்டு பத்திகளை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நன்றியுடன்,
ஒரு தந்தை
சன்னிவேல், கலிபோர்னியா