பிராட்செட் அலமாரி பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே நாவலின் இரண்டு பிரதிகள். ஒன்றின் முதல் பக்கத்தில் பென்சிலால் 120 ரூபாய், இன்னொன்றில் 360. கீழே, "டெர்ரி பிராட்செட் செத்த மறுநாளே பாளையங்கோட்டையில் விலை மூணு மடங்கு" என்று எழுதியிருக்கிறது. பிராட்செட், சிரிக்கச் சிரிக்க மாயாஜாலக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர். முந்தாநாள், பத்து வருஷமாக நம்மிடம் புத்தகம் எடுக்கும் ஒருவரே வாசலில் நின்று, "ஏன் அண்ணாச்சி, செத்தவரை வச்சும் யாவாரமா?" என்று கேட்டுவிட்டார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். 120 ரூபாய் பிரதி பழைய புத்தகம். முதுகில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டியிருக்கும், நடுவில் ஒரு கட்டுத் தாள் கையோடு கழன்று வரும். 360 ரூபாய் பிரதி சென்னையிலிருந்து வரவழைத்த புதுசு. பின்னட்டையில் 399 என்று விலை ஒட்டியிருக்கிறது. அதில் பத்து சதவீதம் கழித்துத்தான் பென்சிலால் எழுதினேன். அதுவும் ஜனவரியில் வந்த பார்சல். ரசீது கல்லாப்பெட்டியில் இருக்கிறது, யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன். படம் எடுத்த தம்பி புத்தகத்தை ஒருதரம் திருப்பிப் பார்த்திருக்கலாம். பிராட்செட் மறைந்த மார்ச் 12க்குப் பிறகு அவருடைய அலமாரியில் எந்தப் புத்தகத்துக்கும் நான் ஒரு ரூபாய் கூட ஏற்றவில்லை. பழைய பிரதிகளை விற்கவும் இல்லை.

"அலமாரியைக் காலி பண்ணி ஒளித்துவைத்துவிட்டார்" என்றும் ஒரு பேச்சு. காலி செய்தது நீங்கள்தான். வியாழக்கிழமை ராத்திரி செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஆறு பேர் நின்றார்கள். மதியத்துக்குள் வாடகைப் பிரதிகள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்த நாலும் கந்தல், பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வந்தவர்கள் யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை. நான் டீ சொல்லிவிட்டேன். பிராட்செட்டின் ட்விட்டர் கணக்கில் அவர் மறைந்ததைச் சொல்லி முதலில் வந்த வரியை ஒரு கல்லூரி மாணவி வாசித்தாள். அவர் கதைகளில் வரும் எமன் பேசுவதுபோல, முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) போட்டிருந்தார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அந்தக் குரலை எப்படி எழுதிக் காட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. அந்த எமனுக்கு எருமை இல்லை, பிங்கி என்று ஒரு வெள்ளைக் குதிரை. பூனை என்றால் உயிர், காரமான கறிக்குழம்பும் பிடிக்கும். "கடவுளையே காபி ஓட்டலுக்குக் கூட்டிப்போன புதுமைப்பித்தன் நம்ம ஊர்க்காரர். நமக்கு இவர் அந்நியமா?" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். புதுமைப்பித்தன் மறைந்ததும் 1948, பிராட்செட் பிறந்ததும் 1948 என்று அவர்தான் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

செருப்புக்கடை வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர், பிராட்செட் கதைகளில் வரும் போலீஸ்காரர் வைம்ஸின் பூட்ஸ் கணக்கைச் சொன்னார். ஐம்பது டாலர் பூட்ஸ் பத்து வருஷம் உழைக்கும். ஏழை பத்து டாலர் பூட்ஸையே திரும்பத் திரும்ப வாங்கி, அதே காலத்தில் நூறு டாலர் செலவழித்தும் கால் நனைந்தபடியே இருப்பான். "என் கடையில தினம் பாக்கேன் அண்ணாச்சி" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

2007இல் அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்த பிறகும் பிராட்செட் ஓயவில்லை. டைப் அடிக்க முடியாமல் போனதும் வாயால் சொல்லிச் சொல்லி எழுதினார். அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். 66 வயசு ஒரு வயசா? நாலு யானைகள் மேல் தட்டையான உலகம், யானைகளைச் சுமந்து விண்வெளியில் நீந்தும் ஓர் ஆமை; 1983இல் தொடங்கிய அந்த வரிசையில் 40 நாவல்கள் வந்துவிட்டன. அவரை வைத்து நான் கொள்ளை லாபம் பார்த்தேன் என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம், மே 1 முதல் வாடகைப் புத்தகத்துக்கான முன்பணம் 200இலிருந்து 500 ஆகிறது. பழைய உறுப்பினர்களும் மீதியைக் கட்டிவிடுங்கள்.

படத்தை நம்பாமல் நேரில் வந்து விசாரித்தவர்களுக்கும், அம்பாசமுத்திரத்திலிருந்து போன் செய்து "நீங்க கவலைப்படாதீங்க" என்ற அக்காவுக்கும் என் மனமார்ந்த நன்றி. அவர் கதைகளில் நூலகராக வரும் ஒராங்குட்டானை கிரேயானில் வரைந்து, பக்கத்தில் அது பேசும் "ஊக்" என்பதையும் எழுதிக் கொடுத்த பாப்பாவுக்கும்தான். படம் அலமாரிக் கண்ணாடியில் இருக்கிறது, வந்து பார்.

புத்தகம் எடுத்துப்போனவர்கள் நிதானமாகப் படியுங்கள். இந்த மாதம் தாமதக் கட்டணம் கிடையாது. 41ஆவது நாவலைப் பிராட்செட் போன கோடையிலேயே எழுதி முடித்துவிட்டாராம். அது வந்ததும் முதல் பிரதி வாடகை அலமாரிக்குத்தான். வேண்டுபவர்கள் கல்லாவில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் புத்தகக்கடை அண்ணாச்சி
பாளையங்கோட்டை, ஏப்ரல் 2015