கையெழுத்துப் போடும் முன்னால்

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாஷ்வில் ஊரின் பிராட்வே தெருவில் ஏதோ ஒரு பார், உனக்குப் பின்னால் கண்ணாடிக்கு வெளியே பளீரென்று வெயில். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. லீவு போட்டிருப்பாள் என்று அப்பாவிடம் சொன்னேன். மேலே போகும்போது குரல் நடுங்காமல் நின்றது கண்ணு, எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் கழுத்தெலும்பு தெரிகிறது. ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடு. முன்பெல்லாம் உன் மேனேஜரைப் பற்றித்தான் பேசுவாய், இப்போது அந்தப் பேச்சே வருவதில்லை.

உன்னால் நானும் அந்த அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுப் பாடகி டாலி பார்ட்டனைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். 1946-ல் டென்னசி மலையடிவாரத்தில் பிறந்தவர், 12 பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் காசு இல்லாமல் அவர் அப்பா ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தாராம். சின்ன வயதிலேயே நாக்ஸ்வில்லுக்கு ரேடியோவில் பாடக் கூட்டிப் போனது தாய்மாமா பில் ஓவன்ஸ். 1964-ல் பள்ளிக்கூடம் முடித்த மறுநாளே பஸ் ஏறி நாஷ்வில் போய்விட்டார். 18 வயது. அன்றைக்கு ராத்திரி அவரைப் பெற்றவள் தூங்கியிருப்பாளா?

ஆனாலும் அவருக்கு அது ஒரே மாநிலத்துக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர். சரிப்படவில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம், விசா கிசா எதுவும் இல்லை. உன் மாதிரி வேலை விசாவில் இருப்பவர்கள் வேலையை விட்டால் 60 நாள்தான் அவகாசமாம், மாடியில் குடியிருக்கும் பையன் சொன்னான். சும்மாதான் கேட்டு வைத்தேன்.

நான் சொல்ல வந்தது வேறு. எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அந்தம்மா 1967-லிருந்து பாடகர் போர்ட்டர் வாகனரின் டிவி நிகழ்ச்சியில் பாடித்தான் நாடெல்லாம் தெரிந்தவரானார். 1974-ல் அவரை விட்டு விலகினார். அந்தப் பிரிவுக்காக அந்தம்மா எழுதிய பாட்டுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. அதைப் பெரிய பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். எல்லாம் கூடி வந்தபோது, பாட்டு உரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று எல்விஸின் மேனேஜர் நின்றார். எல்விஸ் பாடுகிறார் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்தம்மா ராத்திரியெல்லாம் அழுதாராம், ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டார். 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே அதைக் கேட்டபோது உரிமை அந்தம்மா கையிலேயே இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்றும் படித்தேன். டாலியுடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஏக்கத்தில்தான் அந்தம்மா 1995-ல் குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். சொந்த ஊரில் கோர்ட்டு வாசலில் அந்தம்மாவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்த அப்பா ராத்திரியில் வண்டியில் சோப்புத் தண்ணீர் வாளியை ஏற்றிக்கொண்டு போய், சிலை மேலிருக்கும் புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவுவாராம். உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல மனுஷன்" என்றார், அவ்வளவுதான். உன் வீடியோவைப் பால் சொசைட்டியில் இவர் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது எனக்குத் தெரியும். உன்னிடம் மட்டும் பாட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார், போனை வாங்கினால் கல்யாணப் பேச்சுத்தான். நீயும் உடனே வெடுக்கென்று வைத்துவிடுகிறாய். அது சரியில்லை கண்ணு. பெற்றவரிடம் அப்படியா பேசுவது?

மாசாமாசம் எங்களுக்கு அனுப்பும் பணத்தை இனிமேல் அனுப்பாதே. மாடி வாடகை வருகிறது, என் பென்ஷன் இருக்கிறது, வீட்டுக் கடனும் முடிந்துவிட்டது. அந்தப் பணத்தில் நல்ல வக்கீலாகப் பார். முதலில் விசாவுக்கு, அப்புறம் பாட்டு ஒப்பந்தத்துக்கு. அவர்கள் படித்துச் சொல்லாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேசு. அப்பா பால் ஊற்றப் போகும் நேரம் உனக்குத் தெரியும், வேண்டுமானால் அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா